எங்கே பறித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை

கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பெருங்களத்தூரில் எங்கள் அடுக்குமாடியில் எல்லோருக்கும் ‘புரபசர் சார்’.

ஒரு மழைநாள் காலையில் கீழ்வீட்டு ஸ்டெல்லா கைபேசியில் ஒரு படம் அனுப்பி, “சார், இது புத்துக் காளான்தானே? சாப்பிடலாமா?” என்று கேட்டார். தட்டில் கழுவி வைத்த வெள்ளைக் காளான்கள். வண்டலூர் காட்டோரம் கரையான் புற்றில் நானே பறித்துத் தின்ற ருசி நாக்கில் வந்தது. “தாராளமா சாப்பிடலாம்மா” என்று எழுதிவிட்டேன்.

மாடிப்படியில் அவர் கணவர் ஜெயராஜ் சிரித்தார்: “புரபசர் சாரே சர்டிஃபிகேட் குடுத்துட்டாரு. இன்னிக்கு மட்டன் கேன்சல்!”

மாலைக்குள் இருவருக்கும் ஓயாத வாந்தி, வயிற்றுப்போக்கு. ஸ்டெல்லா தேறினார். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதாகியிருந்த ஜெயராஜ் மருத்துவமனையிலிருந்து உயிரோடு திரும்பவில்லை.

பறித்த இடம் எங்கள் கட்டடத்தின் பின்புறப் புல்தரை என்பது அடக்கத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. போய்ப் பார்த்தேன். புற்றே இல்லை. மிச்சமிருந்த ஒன்றைப் பிடுங்கினேன். புற்றுக் காளானின் காம்பு வேர்போல மண்ணுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். இது சுலபமாகக் கையோடு வந்தது. குடையைத் திருப்பினேன். அடிமடிப்புகள் பச்சையாக இருந்தன. நச்சுக் காளான். காளானைப் பார்க்கும் முன் அது முளைத்த மண்ணைப் பாருங்கள் என்று வகுப்புதோறும் சொன்னவன் நான்.

திரும்பி வந்தபோது ஸ்டெல்லா அழுதார். “தப்பு என்னுதுதான் சார். எங்க பறிச்சேன்னு உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேனே.”

கேட்டிருக்க வேண்டியவன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றும் படியில் எதிர்ப்பட்டால் அவர்தான் தலையைக் குனிந்துகொள்கிறார்.