இடது பக்கம் நானேதான் போனேன்

கப்பைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை அம்மா.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. திண்டிவனத்தில் ஏறிய பஸ் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் என்னை இறக்கிவிட்டது. ஒரு தோளில் ராக்கெட் பை, இன்னொரு கையில் துண்டில் சுற்றிய கப். வீட்டுக்குள் நுழைகிறேன். அம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நிலக்கடலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். முறத்தைத் தள்ளி வைத்தாள். எழுந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“யாருடி உன்ன எடம் மாத்தி நிக்க வெச்சது?”

சாப்டியா, ஏன் இப்படி எளச்சிட்ட... ம்ஹும், எதுவும் இல்லை. தாய்லாந்தில் பட்டம் ஜெயித்துவிட்டு வந்த மகளுக்கு முதல் கேள்வியே விசாரணை!

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு நான் டென்னிஸில் டபுள்ஸ் மட்டும் ஆடுகிறவள் என்று தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. டபுள்ஸில் இரண்டு பேர் ஒரு ஜோடி. ஒருத்தி வலது பாதி, இன்னொருத்தி இடது பாதி. எதிராளி போடுகிற சர்வீஸை அவரவர் பாதியில் அவரவர்தான் எடுக்க வேண்டும். ஆட வந்த நாளிலிருந்து நான் வலது.

“எப்பவும் சோத்துக்கை பக்கம்தான நிப்ப? அந்த வெள்ளக்காரி உன்ன பீச்சாங்கை பக்கம் தள்ளிவுட்டுட்டு, அவ ஜம்முனு இந்தப் பக்கம் நின்னுக்கினா. நாங்க பார்த்துக்கினுதான் இருந்தோம்!”

நாங்க என்றால்? நைனா, அதாவது என் அப்பா, எங்கள் ஊர் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். நெல்லையும் மல்லாட்டையையும் விவசாயிகள் ஏலத்துக்குக் கொண்டுவருகிற விற்பனைக்கூடத்தைத்தான் இங்கே எல்லோரும் கமிட்டி என்பார்கள். ஃபைனல் அன்று அங்கே நெல் மூட்டைமேல் அவருடைய செல்போனைச் சாய்த்து வைத்து, சோற்று வேளையில் எல்லோரும் நேரலை பார்த்திருக்கிறார்கள். சாப்பாடு கொண்டுபோன அம்மாவும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“கேமுல அப்டித்தான்டின்னு நான் சொன்னேன்” என்றார் நைனா. “கேட்டாதான? ‘தட்டிக் கேக்க ஒரு ஆளு இல்லியா அங்க’ன்னு செல்லப் பார்த்துக் கத்தறா. எங்கூட மூட்ட தூக்கற ஏழுமல துன்ற சோத்த வுட்டுட்டு உங்கம்மாவையே பார்த்துக்கினு இருந்தான். அவனுக்கு ரெண்டு மேட்ச்சு!”

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றும் போனது.

கழனி வேலையில், கல்யாண வீட்டில், கடை வாசலில்... ‘அப்படி ஓரமா நில்லு’ என்பதைக் கேட்டுக்கேட்டே வயசானவள் அம்மா. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனது நான். முதல் மார்க் ஷீட் என்னுடையது, முதல் பாஸ்போர்ட்டும் என்னுடையது. நாம் நின்ற மாதிரி இவள் நிற்கமாட்டாள் என்று நம்பி அனுப்பிய மகளை, வெளிநாட்டிலும் யாரோ ‘அந்தப் பக்கம் போ’ என்று சொல்லிவிட்டதாக செல்போனில் பார்த்தால்? கத்தாமல் என்ன செய்வாள்?

“யாரும் நிக்க வைக்கலம்மா. நானேதான் போனேன்.”

“ஏன் போன?”

நியாயமான கேள்வி. பதில் சொல்ல உட்கார்ந்தேன். ஆனால் கண் மட்டும் சார்ஜரில் கிடந்த செல்போன் மேலேயே இருந்தது. காரணம் இருக்கிறது.

டபுள்ஸ் ஆட்டக்காரியின் பிழைப்பே ஜோடியைப் பொறுத்தது. போட்டியில் இடம் தரும்போது இரண்டு பேருடைய ரேங்கிங்கையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். நான் எவ்வளவு நன்றாக ஆடினாலும், சேர்கிறவள் எந்த உயரத்தில் இருக்கிறாளோ அதை வைத்துத்தான் எனக்குக் கதவு திறக்கும். போன மாதம்வரை என்னோடு ஆடிய பெண், தனக்கு இன்னும் உயரத்தில் ஒருத்தி கிடைத்ததும் போய்விட்டாள். கோபமில்லை. இந்தத் தொழிலில் அது சகஜம். ஒரு மெசேஜ் வரும்... “நாம கொஞ்சம் பேசலாமா?” அவ்வளவுதான். பேசுவதற்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

தாய்லாந்துக்கு ஜோடி இல்லாமல்தான் போய் இறங்கினேன். பெயர் கொடுக்க மாலைவரை நேரம் இருந்தது. ஆட்டக்காரிகள் சாப்பிடுகிற இடத்தில் மேஜை மேஜையாகப் போய், “உனக்கு ஆள் இருக்கா?” என்று கேட்டேன். வெட்கமா? அதெல்லாம் பசி அடங்கியவர்களுக்கு.

கடைசி மேஜையில் மிலேனா. செர்பியாக்காரி. என்னைவிட மூத்தவள், ரேங்கிங்கில் எனக்கு எட்டாத உயரம். முழங்கால் வலி சரியாகி, தன்னைச் சோதித்துப் பார்க்கவே அந்தச் சின்னப் போட்டிக்கு வந்திருந்தாள். அவளுடைய ஜோடி வரவில்லை. என் கேள்விக்குப் பதிலாக, டபுள்ஸில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டாள்.

“நீ எந்தப் பக்கம்?”

“வலது.”

“நானும் வலது” என்று மறுபடியும் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

“சரி, நான் இடது பக்கம் போறேன்.”

நிமிர்ந்தாள். “ஆடியிருக்கியா?”

“இல்ல. ஆனா போறேன்.”

இரண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான். ஆனாலும் அவள் சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாகப் புரிந்தது. “ஒரு வாரம். இந்த ஒரு வாரம் மட்டும்” என்றாள்.

ஒரு வாரம் போதும் எனக்கு. அடுத்த மாதம் ஒரு பெரிய போட்டி வருகிறது. உலகமே டிவியில் பார்க்குமே, அந்த ரகம். நானும் அதை டிவியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். என் ரேங்கிங்குக்கு அதன் வாசலில் நிற்கக்கூட முடியாது. மிலேனாவோடு சேர்ந்தால் உள்ளேயே போகலாம். இந்த ஒரு வாரத்தில் அவளுக்கு என்னைப் பிடித்துவிட வேண்டும்... பந்தயம் அதுதான்.

முதல் மேட்ச் எப்படி இருந்தது? இத்தனை வருஷமாக வலது கையால் சாப்பிட்டவளை இடது கையால் சாப்பிடச் சொன்ன மாதிரி இருந்தது. எல்லாம் தலைகீழ். வலது பக்கம் நிற்கும்போது கோர்ட்டின் நடுவில் வரும் பந்தை நான் என் ஜோடிக்கு விட்டுவிடுவேன். அதே பழக்கத்தில் இங்கேயும் விட்டேன். அவளும் அவள் பழக்கப்படி விட்டாள். பந்து எங்கள் இருவருக்கும் நடுவே ராஜா மாதிரி நடந்து போனது. அடுத்த பந்துக்கு இருவரும் பாய்ந்தோம். ராக்கெட்டோடு ராக்கெட் மோதியது. மிலேனா தன் ராக்கெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னாள்.

“இடது பக்கம் வந்திருக்கே. இனிமே நடு உன்னுது. தெரியாதா?”

தெரியும். பாடமாகத் தெரியும். வலது கைக்காரி இடது பாதியில் நின்றால், நடுவில் வருகிற பந்து அவளுடைய பலமான கைக்குத்தான் வரும். அதனால் அது அவளுக்கு. ஆனால் தெரிவது வேறு, அது நம்முடையது என்று கைக்கு உறைப்பது வேறு இல்லையா?

உறைத்த பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்!

என் ஆட்டம் டென்னிஸில் பிறந்ததில்லை. கோட்டை மலைக்குக் கீழே எங்கள் பள்ளி மைதானத்தில், பால் பேட்மின்டனில் பிறந்தது. பக்கத்துக்கு ஐந்து பேர், மஞ்சள் கம்பளிப் பந்து, மண் தரை. பந்து தரையைத் தொட்டால் பாயின்ட் போச்சு. பிறகு சென்னை விளையாட்டு விடுதியில் முதல் முறை டென்னிஸ் ஆடியபோது, எல்லாப் பந்தையும் தரையில் விழுமுன் ஓடி ஓடி அடித்தேன். கோச் ஆட்டத்தை நிறுத்தினார்.

“ஒரு தடவ கீழ குத்தலாம்மா.”

“குத்தலாமா சார்? அப்ப எதுக்கு சார் ஓடணும்?”

விடுதியே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளே என்னை சிங்கிள்ஸிலிருந்து எடுத்து டபுள்ஸில் போட்டார். வலைக்குப் பக்கத்தில் நின்று பந்தைக் கீழே விழாமல் அடிக்கிறவளுக்கு அங்கேதான் வேலை. ‘சிங்கிள்ஸ் வரலன்னா டபுள்ஸ்’ என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பேசட்டும். சிங்கிள்ஸ் வராமல் இங்கே வந்தவளில்லை நான். இதற்கென்றே வந்தவள்.

அந்தக் கையும் அந்தக் காலும் கோர்ட்டின் நடுப்பகுதியைக் கண்டுபிடித்ததும்... எதிராளிகளுக்கு மூச்சு முட்டியது. கால் இறுதி, அரை இறுதி, இரண்டையும் ஒரு செட்கூட விடாமல் ஜெயித்தோம். ஆனால் முக்கியமான பாயின்ட்டுகளை மட்டும் மிலேனா என்னிடம் விடவில்லை.

அது எப்படி? டபுள்ஸில் நாற்பது-நாற்பது வந்துவிட்டால் ஒரே பாயின்ட்தான், அதை எடுத்தவர்களுக்கு கேம். அந்தக் கடைசி சர்வீஸை யார் எடுப்பது என்று அதை எதிர்கொள்கிற ஜோடியே முடிவு செய்யலாம். வாரம் முழுவதும் அந்தக் கட்டத்தில் மிலேனா என்னைக் கேட்காமலேயே கையைத் தூக்கினாள். மூத்தவள், வலது பக்கம் அவளுடைய கோட்டை. நானும் பேசாமல் முன்னால் போய் நின்றேன்.

ஃபைனல். முதல் செட் எங்களுக்கு. இரண்டாவதில் ஐந்துக்கு நான்கு என்று முன்னால் இருக்கிறோம். அவர்கள் சர்வீஸ். நாற்பது-நாற்பது. இதை எடுத்தால் பட்டம். விட்டால் ஐந்துக்கு ஐந்து. மிலேனா முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள். ஆட்டம் நீண்டால் அந்தக் கால் தாங்காது என்று எனக்கும் தெரியும், எதிரே இருந்த இருவருக்கும் தெரியும்.

“யார் எடுக்கறீங்க?” என்று நடுவர் கேட்டார்.

மிலேனாவின் கை எழுந்தது. அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

“நான்.”

திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை அம்மா செல்போனில் பார்த்திருக்கிறாள். “மொறச்சா இல்ல உன்ன?” என்று கேட்டாள். முறைக்கவில்லை அம்மா, அளந்தாள். அளந்துவிட்டு முன்னால் போய் நின்றாள்.

சர்வீஸ் இடது மூலைக்கு வந்தது. எட்டி, குறுக்கே, தாழ்வாகத் திருப்பினேன். சர்வீஸ் போட்டவள் குனிந்து தூக்கிவிட்ட பந்து நடுவுக்கு வந்தது. மிலேனாவும் பாய்ந்தாள். நானும் பாய்ந்தேன்.

“என்னுது!”

தொண்டை கிழியக் கத்தினேன், சுத்தத் தமிழில். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சத்தம் புரிந்தது. ராக்கெட்டை இழுத்துக்கொண்டாள். பந்து தரையைத் தொடுவதற்கு முன்னால், எதிரே இருந்த இரண்டு பேருக்கும் நடுவில் இறக்கினேன்.

பட்டம் எங்களுக்கு!

மிலேனா என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். முழங்கால் ஞாபகம் வந்து உடனே இறக்கியும் விட்டாள். கப் வாங்கினோம். போட்டோ எடுத்தோம். பெரிய போட்டியைப் பற்றிக் கேட்டேன். “சொல்றேன்” என்றாள். விமானம் ஏறிவிட்டாள். பெயர் கொடுக்கத் திங்கட்கிழமை மதியம் கடைசி. அவளுடைய பழைய ஜோடியும் கேட்டிருக்கிறாள் என்று விமான நிலையத்தில் யாரோ சொன்னார்கள்.

இவ்வளவையும் ஞாயிறு காலையில் அம்மாவுக்குச் சொல்லி முடித்தேன். அம்மாவுக்கு எழுத்து வராது, நம்பர் நன்றாக வரும். ஸ்கோரை நம்பர் நம்பராக ஒப்பித்துச் சரிபார்த்தாள். எல்லாம் சரி. ஆனாலும் முகம் தெளியவில்லை.

“அப்ப நீயாதான் அந்தப் பக்கம் போன?”

“நானாதாம்மா போனேன். போனதாலதான் ஆட முடிஞ்சுது. அங்க போன பொறவுதான் நடு எனக்கு வந்துது.”

“உம்...” என்று மறுபடியும் முறத்தை இழுத்துக்கொண்டாள்.

ஞாயிறு முழுவதும் செல்போன் ஊமையாகக் கிடந்தது. திங்கள் காலையும் அப்படியே. ஏழுமலை மாமா கப்பைப் பார்க்க வந்து, “அந்தப் பொண்ணு கூப்டலன்னா உடு, இன்னொன்னு கெடைக்காமலா பூடும்?” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். நான் தலையாட்டினேன். அவர் வாசலைத் தாண்டுமுன் மறுபடியும் செல்போனை எடுத்துப் பார்த்தேன்.

நாமாக இடம் மாறுவதற்கும் நம்மை இடம் மாற்றி வைப்பதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கேமராவுக்குத் தெரியாது, கமிட்டியில் சோறு தின்றுகொண்டு பார்த்தவர்களுக்கும் தெரியாது. உள்ளே நிற்கிறவளுக்கு மட்டும் தெரியும். மிலேனாவுக்கு?

பதினொன்றரை மணிக்கு மெசேஜ் வந்தது.

“நம் ரெண்டு பேர் பெயரையும் கொடுத்துட்டேன். உன்னைக் கேக்கல. நீ அன்னைக்கு என்னைக் கேட்டியா? இடம் உறுதி. நான் வலது, நீ இடது. கடைசி பாயின்ட் வந்தா நீயே எடு.”

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கலைந்தன. நைனா கமிட்டியிலிருந்து போன் செய்தார், செய்தி தெரிந்ததும் அந்தப் பக்கம் விசில் சத்தம். செஞ்சியிலிருந்து ஒருத்தி அந்தப் போட்டிக்குப் போகிறாள். நான் போகிறேன்!

அம்மாவுக்கு மெசேஜை வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். மல்லாட்டைத் தோலை ஊதித் தள்ளியபடி கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம்.

“அங்கயும் நடுவுல வர்றது உன்னுதுதான?”

“என்னுதுதாம்மா.”

“அத அவகிட்ட எழுதி வாங்கிக்கோ.”