டீச்சரம்மா வீட்டுக்காரர்

என் மனைவியின் வருமானத்தைக் கெடுத்தவன் நான்தான். மின்வெட்டு அல்ல, விதியும் அல்ல... நானே!

திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், "பாவம், டீச்சரம்மாவுக்கு நேரம் சரியில்லை" என்பார்கள். நம்பாதீர்கள். நேரம் சரியாகத்தான் இருந்தது. உடனிருந்தவன்தான் சரியில்லை.

நான் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவன். இந்தப் பக்கத்து ஆட்கள் பலரைப் போல நானும் இளமையை அங்கே கொடுத்துவிட்டு வந்தேன். முழங்கால் தேய்ந்தது, கம்பெனி ஆட்களைக் குறைத்தது, பெட்டியோடு வந்து இறங்கினேன். இனி என் வீட்டில் நான்தான் ராஜா என்று எண்ணிக்கொண்டு வந்தேன். என்ன மடமை!

என் மனைவி சகாயமேரி ஆசிரியர் பயிற்சி முடித்தவள். பள்ளிக்கூட வேலைதான் கிடைக்கவில்லை. மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. நானும் வேலையில்லாமல் வந்து உட்கார்ந்தாயிற்று. ஏதாவது செய்ய வேண்டும் என்று முதலில் துணிந்தவள் அவள்தான். வீட்டிலிருந்தபடியே டைப் செய்தால் கைநிறையச் சம்பளம் என்றொரு விளம்பரம் செல்போனில் வந்தது. நம்பி முன்பணம் கட்டினாள். கட்டிய பிறகு அந்த எண்ணில் யாரும் எடுக்கவேயில்லை.

அன்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன். உள்ளுக்குள்... மகிழ்ந்தேன்.

அவள் துவண்டுவிடவில்லை. "முதல்ல நம்மகிட்ட காசு கேக்கறவன் எங்கங்க வேலை குடுக்கப் போறான்? எனக்குத் தெரிஞ்சத வச்சுத்தான் எதாச்சும் பண்ணணும்" என்றாள்.

அவளுக்குத் தெரிந்தது தமிழ் சொல்லிக்கொடுப்பது. இரண்டு வீடு தள்ளி மெஹருன்னிசா இருக்கிறாள். அவளுடைய மகள் கனடாவில் குடியிருப்பவள். பேத்திக்குத் தமிழ் வரவில்லை. மஸ்கட்டிலிருந்து நான் கொண்டுவந்த பழைய லேப்டாப்பைத் துடைத்து வைத்துக்கொண்டு, சகாயமேரி அந்தக் குழந்தைக்கு வீடியோவில் பாடம் எடுத்தாள். அந்தத் தாய் இன்னொரு தாயிடம் சொன்னாள். அவள் வேறொருத்தியிடம். இப்படியே பிள்ளைகள் சேர்ந்தார்கள். பெரிய பணமில்லை. கேஸ், கரண்ட் பில், என் முழங்கால் மாத்திரை, அவ்வளவுதான். ஆனால் மாதம் தவறாமல் வந்தது!

கணவன் மகிழ வேண்டாமா என்று கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டேன். மகிழ முடியவில்லையே!

கொதிக்கும் மொட்டைமாடிகளில் வெந்து நான் தேடிப்போன வெளிநாட்டுக் காசு, கூடத்தில் உட்கார்ந்திருந்த அவளைத் தேடி வந்தது. அதுகூடப் பரவாயில்லை. அந்தக் குரல்! விடியற்காலையில் அங்கே இரவுச் சாப்பாடு முடித்த பிள்ளைகள் அவள் முன்னால் வந்து உட்காரும். ஒரு கையில் புலி பொம்மை, மறு கையில் ஒரு சுளை புளி. "இது புலி. உறுமும். இது புளி... எங்க, வாயக் கூசுதா?" அந்தப் பக்கம் ஒரு குழந்தை முகத்தைச் சுளித்துச் சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

என் மகளுக்கும் இப்படித்தானே சொல்லிக்கொடுத்திருப்பாள்? அப்போது நான் எங்கே இருந்தேன்? எனக்குக் கிடைக்காத அந்தச் சிரிப்பை, முகம் தெரியாத யாரோ பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போயின.

ஒருநாள் பாடத்தின்போது குறுக்கே நடந்தேன். திரையிலிருந்து ஒரு சிறுமி கேட்டாள்: "மிஸ், அது யாரு?"

"எங்க வீட்டுக்காரர்மா."

"அங்கிள் என்ன வேலை செய்யறார்?"

சகாயமேரி கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள். "அங்கிள் இப்ப ரெஸ்ட்ல இருக்கார்."

அவள் கனிவாகத்தான் சொன்னாள். எனக்கோ செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. அந்த வாரம் பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நின்றபோது, ஒருவர் என்னை இன்னொருவருக்கு அறிமுகம் செய்தார்: "நம்ம டீச்சரம்மா வீட்டுக்காரர்." மஸ்கட்காரர் என்று என்னை அழைத்த அதே வாய்!

அடுத்த பாடம் தொடங்கியதும் வாசல் பக்கம் போனேன். மெயின் பெட்டியைத் திறந்து ஃபியூஸ் கட்டையை உருவினேன். சத்தமில்லாமல் உருவ எனக்குத் தெரியாதா? அதுதானே என் தொழில்!

லேப்டாப் பேட்டரி செத்துப்போய் நாளாகிவிட்டது. உள்ளே அவள் குரல் பாதியில் நின்றது.

"என்னங்க, கரண்ட் போயிடுச்சா?"

"ஆமா, தெருவே இருட்டா கெடக்கு."

தெரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் பார்க்கவில்லை. என் வார்த்தையே அவளுக்குப் போதுமாயிருந்தது...

அதோடு நிறுத்தினேனா? இல்லை. மறுபடியும் செய்தேன், மறுபடியும். சில பெற்றோர் விலகினார்கள். அவள் செல்போனிலேயே நெட் போட்டு மீதிப் பாடத்தை எடுத்துச் சமாளித்தாள்.

பிறகுதான் அந்த வாய்ப்பு வந்தது. கனடாவில் வார விடுமுறைகளில் தமிழ் வகுப்பு நடத்தும் சிலர், நிரந்தரமாக ஓர் ஆசிரியை தேடினார்கள். ஒரு மாதிரிப் பாடம் எடுத்துக் காட்டச் சொன்னார்கள். சகாயமேரி புதுப் புடவை கட்டிக்கொண்டாள். கேமராவில் காட்டுவதற்கு வயலிலிருந்து ஒரு பிடி நாற்று கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்து கொடுத்தேன். இந்தக் கையால்தான் கொடுத்தேன்! அவள் முந்தின இரவு சார்ஜில் போட்டிருந்த செல்போனுக்குச் சார்ஜ் ஏறாதபடி பிளக் சுவிட்சை அணைத்ததும், பாடம் தொடங்கியதும் போய்க் கட்டையை உருவியதும் இதே கைதான்.

பிறகு அவர்கள் அழைத்தார்கள். "டீச்சர், நீங்க சொல்லிக்குடுக்கற விதம் ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா உங்க பக்கம் லைன் நிலையா இல்லையே... மன்னிச்சுக்குங்க." அவள் அழவில்லை. நான்தான் காப்பி போட்டுக் கொடுத்து, "போனா போவுது, விடு" என்றேன்.

அவள் கரண்ட் ஆபீசுக்குப் போய்ப் புகார் சொல்லிவிட்டு வந்தாள். லைன்மேன் வந்தார். "அன்னைக்கு இந்த லைன்ல பவர் கட்டே இல்லைங்களேம்மா" என்றபடி பெட்டியைத் திறந்தார். "ஃபியூஸ் கட்டை லூசா இருக்கு. அடிக்கடி யாரோ கழட்டி மாட்டுனாப்ல இருக்குங்க."

சகாயமேரி என்னைப் பார்த்தாள். நான் எதிரே வாய்க்காலைப் பார்த்தேன்.

மறுநாள் விடியுமுன் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மெஹருன்னிசா வீட்டுக்குக் கிளம்பினாள். "அங்க கரண்ட் போறதில்லைங்க" என்றாள். அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே கம்பத்திலிருந்துதான் கரண்ட். அங்கே இன்வெர்ட்டர்கூடக் கிடையாது.

அன்றிலிருந்து அங்கேதான் பாடம். மிஞ்சியது கொஞ்சம் பிள்ளைகள்தாம். என்னோடு வழக்கம்போலவே பேசுகிறாள். சோறு போடுகிறாள். காலுக்குத் தைலம்கூடத் தேய்த்து விடுகிறாள்.

ஒருநாள் தாங்காமல் வாயெடுத்தேன். "சகாயம், அந்தக் கரண்ட் விஷயம்..."

"வேண்டாங்க." அவள் குரல் உயரவில்லை. "நீங்க சொல்லிட்டா நான் ஒரு பதில் சொல்லியாகணும். என்கிட்ட பதில் இல்லை."

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்ன செய்துவிட முடியும்? ஒன்றுமில்லை. தெரியும்.

இத்தனைக்குப் பிறகாவது அந்தப் பொறாமை செத்ததா என்றால்... இல்லை! நேற்று மெஹருன்னிசா வழியில் பார்த்துச் சொன்னாள்: "டீச்சரம்மாவுக்குப் புதுசா ரெண்டு புள்ளைங்க சேந்திருக்குண்ணே, தெரியுந்தானே?"

தெரியும் என்றேன். சகாயமேரி என்னிடம் சொல்லவேயில்லை. இவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாளே என்று... எனக்கு வயிறு எரிந்தது.