துரையின் காரில் வந்த கருவாட்டு நாற்றம்

1. மெமோ

எழுபதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். செவ்வாய்க்கிழமை காலையில் டிரைவர் சூசையண்ணன் கையில் ஒரு மெமோவோடு எங்கள் வொர்க்‌ஷாப்புக்குள் வந்தார். தேவிகுளத்துக்குக் கீழே இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட்டில் நான் ஃபிட்டர். பெரிய துரையின் கறுப்பு அம்பாசிடரை ஓட்டுவது சூசையண்ணன். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் மேனேஜரை நாங்கள் துரை என்றுதான் கூப்பிட்டோம்.

"சவரி, இதைப் படிச்சுச் சொல்லு" என்று காகிதத்தை நீட்டினார். இங்கிலீஷில் இருந்தது. எஸ்டேட் காரில் கருவாடு ஏற்றியதால் கார் நாறுகிறது, சனிக்கிழமை விசாரணை, குற்றம் உறுதியானால் வேலை நீக்கம், எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

"ஏத்துனீங்களாண்ணே?"

"போன டிசம்பர்ல ஒரே ஒரு தடவை. போடியில வாங்கி டிக்கியில வச்சேன். அதை நானே தொரைகிட்ட சொல்லிட்டேன். மாதாவாணை, அதுக்கப்புறம் ஒரு நெத்திலி கூட ஏறல."

எனக்குக் கோபம் வந்தது. கேட்காத உண்மையை எல்லாம் இந்த மனுஷன் ஏன் போய்ச் சொல்ல வேண்டும்? துரை பாலக்காட்டுக்குக் கிழக்கே நிலபுலன் உள்ள குடும்பத்துக்காரர், சுத்த சைவம். அவர் மனைவி துரைசாணியோ காரில் ஏறினாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறார், ஞாயிற்றுக்கிழமை வளைவில் இறங்கி வாந்தி எடுத்தாராம். இந்த லட்சணத்தில் கருவாடு என்று சொன்னால் யார் விடுவார்கள்?

வேலை போனால் வீடு போகும். லைன் வீட்டில் பத்து நாள்கூடத் தங்க விடமாட்டார்கள். சூசையண்ணனுக்கு ஊரில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. எங்கே போவார்?

2. ஆளுக்கொரு வைத்தியம்

அன்றைக்கே காரை ஷெட்டில் ஏற்றினோம். எங்கள் மேஸ்திரி பொன்னையா சீட்டைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். கழுவினேன். கார்ப்பெட்டை உரித்து ஃபினாயில் ஊற்றினேன். ஆபீஸ் கிளார்க் வந்து எலுமிச்சம்பழம் வை என்றார். ஸ்டோர்காரர் சாம்பிராணி போடு என்றார். எல்லாம் செய்து முடித்து சூசையண்ணன் காரை ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்தார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"மீன் மார்க்கெட்ல பூசை வச்ச மாதிரி இருக்கு" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

புதன்கிழமை காலையில்தான் ஒன்றைக் கவனித்தேன். ஷெட்டில் நிற்கும்போது கார் நாறவில்லை. அப்படியென்றால் நாற்றம் சீட்டிலும் இல்லை, டிக்கியிலும் இல்லை. ஒரு நாள் முழுக்க முட்டாள்தனமாகச் சோப்பை வீணாக்கியிருக்கிறேன்.

"அண்ணே, வண்டியை எடுங்க. கண்ணாடியெல்லாம் ஏத்துங்க" என்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். தேவிகுளம் ரோட்டில் மழைக்குள் ஏறினோம். டாஷ்போர்டுக்குக் கீழே வெளிக்காற்று வருவதற்கு ஒரு லீவர் உண்டு. அதை மூடினேன், நாற்றம் குறைந்தது. திறந்தேன், முகத்தில் அறைந்தது. மறுபடி மூடினேன், திறந்தேன்.

"என்னடே விளையாடுத?" என்றார் சூசையண்ணன்.

"விளையாட்டு இல்லண்ணே. கருவாடு காத்துல வருது."

3. சாக்கு

ஷெட்டுக்கு வந்ததும் பானெட்டைத் தூக்கினேன். முன்னால் ரேடியேட்டர் ஓரத்திலிருந்து ஒரு பெரிய குழாய் காற்றை வாங்கிக்கொண்டு ஒரு தகரப் பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து காற்று உள்ளே வரும். கிளிப்பைத் தளர்த்திக் குழாயை இழுத்தேன். உள்ளே கறுப்பாக, கொழகொழவென்று ஒரு மூட்டை. சிவப்பு வயரால் கட்டி, முனையை இரண்டு தடவை முறுக்கியிருந்தது.

அந்த முறுக்கு என்னுடையது.

போன ஜனவரியில் பனி பொழிந்தபோது, காருக்குள் குளிர் அடிக்கிறது என்று துரைசாணி சொன்னார். லீவர் அப்போது சரியாக மூடாது. கம்பெனியிலிருந்து பாகம் வர மாசக்கணக்கு ஆகும் என்று நானே ஒரு சாக்குத் துண்டை மடித்து, வயரால் கட்டிக் குழாய்க்குள் திணித்தேன். குளிர் நின்றது. "கெட்டிக்காரனுங்க நீங்க" என்று துரைசாணி சொன்னார். அந்தப் பெருமையில் நான் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். மார்ச்சில் புது லீவர் வந்தது, மாட்டினேன். சாக்கை எடுக்க மறந்தேன்.

எஸ்டேட்டில் சாக்கென்றால் உரச்சாக்குதான். கால் மிதிக்க அது, மழைக்குத் தலையில் கவிழ்க்க அது, கதவிடுக்கை அடைக்க அது. இந்தச் சாக்கு மீன் உரம் வந்த சாக்கு. காய்ந்திருந்தவரை மணக்கவில்லை. ஜூன் மழை குழாய்க்குள் இறங்கியதும் ஊறி அழுகி, சுருங்கிக் காற்றுக்கும் வழி விட்டுவிட்டது. இந்த மலையில் பிழைக்கிறவனைத் தவிர வேறு எந்த மெக்கானிக்கும் இப்படி ஒரு காரியம் செய்திருக்கமாட்டான்.

பொன்னையா எட்டிப் பார்த்தார். அவருக்கும் அந்த முறுக்கு தெரியும். "எலி செத்துக் கிடந்துச்சுன்னு சொல்லிருவோம். ஒன் பேரு எதுக்குக் கெடணும்?" என்றார்.

சூசையண்ணனும், "ஆமா சவரி, எலின்னே சொல்லு. நாத்தம் போனாச் சரி" என்றார்.

எனக்கும் ஆசைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் துரையின் மூளை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். எலி ஏன் வந்தது என்று கேட்பார். கருவாட்டு வாசத்துக்கு வந்தது என்று அவரே பதில் சொல்லிக்கொள்வார். எலி என்று சொன்னால் என் தோல் தப்பும், சூசையண்ணன் வீடு போகும்.

சாக்கை ஒரு வாளியில் போட்டுக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போனேன். கிளார்க் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். துரை கர்ச்சீப்பை எடுத்தார்.

"என்னப்பா இது?"

"காரில் நாறுனது இதுதான் தொரை. கருவாடு இல்ல. மீன் உரச்சாக்கு. காத்துக் குழாய்க்குள்ள இருந்துச்சு."

"எவன் வெச்சான்?"

"நான்தான் தொரை. ஜனவரியில் குளிருக்கு வச்சேன். எடுக்க மறந்துட்டேன். சூசைக்கு இதுல ஒண்ணுமில்ல."

துரை கர்ச்சீப்பை மூக்கிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "சனிக்கிழமை காலைல கார் பங்களாவுக்கு வரோணும். எங்க அம்மிணி ஏறி ஒக்காந்து, நாத்தம் இல்லைன்னு சொன்னா சூசை மெமோவைக் கிழிச்சுப் போடறேன். நாத்தம் இருந்தா ரெண்டு பேரும் மூட்டையக் கட்டுங்க."

4. டீ மேக்கரின் கோபம்

சாக்கு போய்விட்டது, நாற்றம் போகவில்லை. குழாயிலும் பெட்டியிலும் ஊறியிருந்தது. பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை உண்டு. அது சேற்றால் அடைத்துப்போய் உள்ளே குட்டையாக நின்றது. சைக்கிள் கம்பியால் குத்தித் திறந்தேன். சோடா உப்பை வெந்நீரில் கரைத்து மூன்று தடவை கழுவினேன். இனிக் காய வேண்டும். ஜூன் மாதத்தில் எங்கள் மலையில் வெயிலுக்கு எங்கே போவது?

குழாயையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஃபாக்டரிக்கு ஓடினேன். தேயிலை காய வைக்கும் டிரையரின் சூட்டில் வைக்கலாம் என்று கணக்கு. தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் வர்கீஸ் சார் வாசலிலேயே மறித்து, மலையாளம் கலந்து திட்டினார்.

"எடோ, தனக்குப் புத்தி உண்டோ? தேயிலை எந்த வாசனையும் இழுத்துக்கும். ஒரு லோடு தூள் மீன் மணம் அடிச்சா என் ஜோலி போகும். போ வெளியே."

திட்டு வாங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே எனக்குப் பொறி தட்டியது. இழுத்துக்கொள்ளுமா?

"சார், கூட்டித் தள்ளுற கழிவுத் தூள் ஒரு மூட்டை குடுங்க" என்றேன்.

அவர் என்னைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார். ஆனால் விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு இரண்டு மூட்டை கொடுத்தார். பாய்லர் பின்பக்கத்தில், தேயிலைக்குத் தூரமாக, பெட்டியைக் காய வைக்கவும் இடம் காட்டினார்.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் மாட்டினேன். குழாயின் வாயில் இலை தழை போகாமல் கம்பி வலை கட்டினேன். பிறகு காய்ந்த கழிவுத் தூளைத் தட்டுத் தட்டாகப் பரப்பி சீட்டிலும் தரையிலும் டாஷ்போர்டுக்குக் கீழேயும் வைத்துக் கண்ணாடியை ஏற்றினேன். மாலைக்குள் தூளை மாற்றிப் புதுசு வைத்தேன். எடுத்த தூளை முகர்ந்து பார்த்த பொன்னையா, "ஐயோ, இதைக் குடிச்சா மீன் கொழம்புதான்" என்று தள்ளி நின்றார். அப்போதே எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

5. சனிக்கிழமை

நல்ல மழை. துரைசாணி பின்சீட்டில், துரை பக்கத்தில், சூசையண்ணன் ஸ்டியரிங்கில். நான் முன்னால் உட்கார்ந்து லீவரை முழுசாகத் திறந்தேன். சூசையண்ணன் மாற்றும்போது கியர் ஒரு தடவை உறுமியது. பங்களாவிலிருந்து ஃபாக்டரி, ஃபாக்டரியிலிருந்து தேவிகுளம் ரோடு. வாந்தி எடுத்த வளைவு வந்தது, போனது.

துரைசாணி முன்னால் குனிந்து மூச்சை நன்றாக இழுத்தார்.

"ஏனுங்க, நல்ல டீத்தூள் வாசமல்ல வருது" என்றார்.

துரை பாக்கெட்டிலிருந்து மெமோவை எடுத்து நாலாகக் கிழித்தார். "சூசை, ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றார். ஏனென்றால் சூசையண்ணன் அழுதுகொண்டிருந்தார். எனக்கோ காரை விட்டு இறங்கி ஆட வேண்டும்போல இருந்தது. பொய் சொல்ல என்னத்துக்கு? அத்தனை சந்தோஷத்தை என் சர்வீசில் நான் வேறொரு நாளும் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை எனக்கு மெமோ வந்தது: கவனக்குறைவு, எச்சரிக்கை. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். கூடவே ஓர் உத்தரவும் இருந்தது. எல்லா டிவிஷன் வண்டிகளின் காற்றுக் குழாயையும் நானே திறந்து பார்க்க வேண்டும். பார்த்தேன். நாலு ஜீப்பில் உரச்சாக்கு இருந்தது. துரைசாணி பாராட்டிய வித்தையை மற்ற ஃபிட்டர்களும் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வண்டி நாறினால் டிரைவரை முகராதீர்கள், காற்று வரும் வழியை முகருங்கள். வடிகால் ஓட்டையைக் குத்திவிடுங்கள், நனைந்ததைக் காய வையுங்கள். அந்த வழியில் நீங்கள் கடைசியாக என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள். உங்கள் கை முறுக்கிய வயர் அங்கே கிடந்தால் வாளியில் போட்டுக்கொண்டு நேரே ஆபீசுக்கு நடங்கள். ஒரு மெமோ வரும், அவ்வளவுதான். சூசையண்ணன் அதே லைன் வீட்டிலிருந்து, அதே காரை ஓட்டி, ரிட்டயர் ஆனார்.