சமக்குறி இல்லாத கால்குலேட்டர்

என் கால்குலேட்டரில் சமக்குறி கிடையாது. கல்லூரியில் அதை இரவல் வாங்கிய தோழிகள் எல்லாரும் அடுத்த நிமிடமே, இது என்ன சனியன் என்கிற முகத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எம்.எஸ்சி. படிக்கும்போது இணையத்தில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் ஆசைப்பட்டு வாங்கியது. இரண்டையும் மூன்றையும் கூட்ட வேண்டுமா, முதலில் இரண்டு, அப்புறம் ‘என்டர்’, அப்புறம் மூன்று, கடைசியில்தான் கூட்டல் குறி. அதைத் தொட்ட உடனே ஐந்து வந்து நிற்கும். அடைப்புக்குறிக்கு வேலையே இல்லை. தலைகீழ் போலந்து முறை என்று இதற்குப் பெயர்.

“போலந்துக்காரன் தலைகீழா நின்னா நீயும் நிக்கணுமா?” என்பார் என் தாய்மாமன் மகன். பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை அவர்களுடையது. சின்ன வயதிலிருந்தே அவரிடம் எனக்கு ‘நீ, வா, போ’தான். இந்த ‘ர்’ விகுதியெல்லாம் எழுதும்போது மட்டும் கொடுக்கிற மரியாதை.

அவரிடம் இருந்தது எல்லாரிடமும் இருக்கிற சயின்டிஃபிக் கால்குலேட்டர். புத்தகத்தில் இருக்கிறபடியே இடமிருந்து வலமாக அழுத்தி, கடைசியில் சமக்குறி தட்டுவார். நான் சும்மா விடுவேனா?

“ரெண்டையும் மூணையும் கூட்டுன்னுதானே வாயால சொல்றே? உன் வாய் என் கட்சி மாமா, கைதான் துரோகம் பண்ணுது.”

“வாய் பேசறதெல்லாம் கை கேட்டா நான் எப்பவோ உன்னை அறைஞ்சிருக்கணும்மா.”

இந்தச் சண்டையோடு சண்டையாக எங்களுக்குக் கல்யாணமும் நிச்சயமானது. நிச்சயதார்த்தத்தன்று ஆளுக்கொரு மோதிரம் மாற்றிக்கொண்டோம். பந்தி முடிந்ததும் கால்குலேட்டரையும் மாற்றிக்கொண்டோம். ஒரு வாரம் அவர் என்னுடையதில்தான் கணக்குப் போட வேண்டும், நான் அவருடையதில். முடியவில்லை என்று முதலில் திருப்பிக் கேட்கிறவர் தோற்றவர்.

“எப்படி அழுத்தறதுன்னு வேணா சொல்லித் தரட்டா?” என்று கேட்டேன்.

“கால்குலேட்டருக்கு ட்யூஷனா? போ, போய் வேலையப் பாரு” என்றார்.

ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் எனக்கு வேலை. அந்த வாரம் என் பாடு படாத பாடு. அடைப்புக்குறியை மூன்று இடத்தில் திறப்பேன், இரண்டு இடத்தில் மூடுவேன். விரல் பாட்டுக்கு இல்லாத என்டரைத் தேடி அலையும். பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு விடை, எனக்கு மட்டும் வேறு விடை. “மேடம், உங்களுது தப்பு” என்று முதல் பெஞ்சுப் பெண் சொன்னபோது அவள் காதைத் திருகலாம் போல இருந்தது.

அதே வாரத்தில்தான் என் முகூர்த்தப் புடவைக்கு நூல் சாயத்துக்குப் போனது. எங்கள் வீட்டில் மணையில் உட்காரும் பெண் அரக்குதான் கட்டுவாள். அம்மா அரக்கு, அக்கா அரக்கு, ஆல்பத்தைத் திறந்தால் அரக்கு. எனக்கு வெளிர் ரோஸ் வேண்டும், பன்னீர் ரோஜாவின் உள்ளிதழ் மாதிரி.

“வெளுத்த கலருல மணையில உக்காருவியா? ஊருக்கே பட்டு நெய்யறோம், எம்பொண்ணு காட்டன் கட்டிக்கினு வந்தா மாதிரி இருக்கும்!” என்று அம்மா ஒரு பாட்டம் ஆடித் தீர்த்தாள்.

அப்போது அவர்தான் குறுக்கே வந்தார். “வுடு அத்தை, அவ கேட்ட கலரை நானே எங்கையால போட்டுத் தர்றேன்.”

எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. என் பக்கம் பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டான் என்று அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே திரிந்தேன். பட்டறையில் யாருமே தொட்டுப் பார்க்காத புதுத் திரவச் சாயம் ஒன்றை வரவழைத்து, நூறு கிராம் நூலுக்கு ஒன்று புள்ளி ஒன்பது மில்லி என்று அளவும் சொல்லி அனுப்பினேன்.

இரண்டாம் நாள் அம்மாவோடு பட்டறைக்குப் போனால், மூங்கில் கழியில் என் நூல் காய்கிறது. அரக்கு. சுத்தமான, கொழுத்த, எங்கம்மா ஜாடை அரக்கு.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “காமாட்சி கண்ணத் தொறந்துட்டாடி!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தையும் மருமகனும் கூட்டுச் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டார்கள். புடவை போனால் போகட்டும். கல்யாணத்துக்கு முன்னாலேயே என் பேச்சுக்கு இவ்வளவுதான் மரியாதை என்றால், அப்புறம்? இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஓடியது.

“எங்கம்மா பேச்சக் கேட்டுக்கினு கலர மாத்திட்டே இல்ல?”

“ஐயோ, சத்தியமா இல்லம்மா! கணக்குல நூறுன்னு வந்துச்சு. நூறு மில்லி ஊத்தினேன்.”

“நூறா? பன்னெண்டு சொச்சம்தானே வரணும்! எங்கே, எங்கண்ணு முன்னால போட்டுக் காட்டு.”

சாயக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு என் கால்குலேட்டரை எடுத்தார். நூலின் எடை அறுநூற்று முப்பத்தைந்து கிராம். அதை அழுத்தினார், பெருக்கல் குறி தட்டினார். திரையில் சைபர். கவலையே படாமல் ஒன்று புள்ளி ஒன்பது, வகுத்தல். மறுபடி சைபர். நூறை அழுத்தி, பெரிய என்டர் பட்டனைச் சமக்குறியாக நினைத்து ஓங்கி ஒரு தட்டு. நூறு.

“பாத்தியா? நூறு!”

“நடுவுல ரெண்டு தடவ சைபர் வந்துச்சே, அதப் பாக்கலியா?”

“உன் சாமான்தானே, கிறுக்குத்தனமாத்தான் இருக்கும்னு வுட்டுட்டேன்.”

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மெஷினில் என்டர் விடை சொல்லாது, கடைசியாகப் போட்ட எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும். மனிதர் நூறு என்று அதற்குச் சொல்லியிருக்கிறார், அது நூறு என்று அவருக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறது. என் சொல்லை அவர் மீறவே இல்லை. நான் கொடுத்த அளவை, நான் கொடுத்த கால்குலேட்டரில், தன் கையாலேயே போட்டிருக்கிறார், பாவம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நூல் கழிக்குக் கீழேயே உட்கார்ந்து சிரித்தேன். அப்பாடா என்று இருந்தது.

அரக்கேறிய நூலை ரோஸாக்க முடியாது. புது நூல் எடுக்க நாளும் இல்லை. நான் வேலைக்குக் கிளம்புகிறவரை சும்மா இருந்துவிட்டு அம்மா அதைத் தறிக்கு அனுப்பிவிட்டாள். கடைசியில் மணையில் நானும் அரக்கு.

தாரை வார்க்கும் நேரம் வந்தது. என் கையை அவர் கையில் வைத்து, அம்மா சொம்பிலிருந்து தண்ணீர் வார்த்தாள், கொஞ்சம் தாராளமாகவே. தண்ணீர் என் புடவையை நனைத்துக்கொண்டு அவர் மடியில் வழிந்தது. அத்தனை சாயத்தைப் பட்டு எப்படிப் பிடித்து வைத்திருக்கும்? மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டு வேட்டியில், தொடையிலிருந்து முழங்கால் வரை, மெதுவாகப் பரவியது வெளிர் ரோஸ். பன்னீர் ரோஜாவின் உள்ளிதழேதான்.

அவர் குனிந்து பார்த்தார். என் காதருகில் வந்து, “நீ கேட்ட கலரு இதானேம்மா? சரியா வந்துக்குதா பாரு” என்றார்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் நான் தலைகுனிந்து இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. தாலி கட்டும் படத்திலும் பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரிக்கிறேன்.