நடந்து போனதாக ஒரு கையெழுத்து

எண்பதுகளில் நான் நாகலூர் பக்கம் பால்வாடி டீச்சராக இருந்தேன். பஸ்ஸைத் தவறவிட்டால் ஏற்காடு போக ஒரு ஜீப் உண்டு. சொந்த உபயோகத்துக்கென்று பதிந்த வண்டி. ஆனால் ஓனர் ஆளுக்கு இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு ஏற்றுவார். அது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும்தான். தெரிந்தே ஏறினேன்.

ஒரு நாள் ஜீப்பின் பின்சீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பக்கத்தில் இருந்தவள் எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிப்பவள். ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப் சரிந்து கவிழ்ந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவளுடைய வலது கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

"டீச்சர், என் காலு இருக்குதுங்களா?"

"இருக்குது கண்ணு" என்றேன். இருந்தது, ஆனால் முழங்காலுக்குக் கீழே திரும்பிக் கிடந்தது. பெரிய ஆப்பரேஷன் செய்தால்தான் மறுபடி மலை ஏறுவாள் என்று சேலத்து டாக்டர் சொன்னார்.

மூன்றாம் நாள் ஓனர் ஒரு புரோக்கரோடு என் வீட்டுக்கு வந்தார். சேலத்து ஆள், தேன் ஒழுகும் பேச்சு.

"ஏனுங்க டீச்சர், காசு குடுத்து ஜீப்புல உக்காந்திருந்தான்னு சொன்னா இன்சூரன்ஸ்ல அந்தப் புள்ளைக்கு ஒத்தப் பைசா வராதுங்க. ரோட்டோரமா நடந்து போனவ மேல வண்டி சாஞ்சிருச்சு, நான் கண்ணால பாத்தேன்னு எழுதிக் குடுங்க. ஆப்பரேசனுக்கு நொம்பவே கெடைக்குமுங்க."

கம்பெனிக்காரன் காசுதானே, ஒரு ஏழைக்குப் போகட்டுமே என்று நினைத்தேன். பெரிய தர்மப்பிரபு நான்! அவளுக்கும் சேர்த்து நானே எழுதினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவள் ரேகை வைத்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டப் போனேன். வேண்டாம் என்றாள்.

"நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்குமுங்க."

இரண்டு மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். மூச்சு வாங்கியது, செருப்பெல்லாம் செம்மண். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டார்.

"அந்த வளைவை ரோட்டுலயே சுத்தி வந்தா எவ்வளவு நேரமுங்க?"

"அரை மணி ஆகுமுங்க."

"குறுக்குப் பாதையில?"

"அஞ்சு நிமிசம்."

"நான் அதுலதான் ஏறி வந்தேன். வழியில பத்துப் பேரைப் பாத்தேன். ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லை. இந்த மலையிலயே பொறந்த பொம்பளை, அன்னைக்கு மட்டும் எதுக்குங்க ரோட்டுல நடந்தா?"

வளைவில் ரோட்டைப் பிடித்து நடப்பது வெளியூர்க்காரன் மட்டும்தான். தினமும் குறுக்குப் பாதையில் ஏறி இறங்கும் எனக்கு அது உறைக்கவேயில்லை. பொய் சேலத்திலிருந்து வந்தது, நான் அப்படியே நகல் எடுத்திருக்கிறேன்.

"உள்ள உக்காந்திருந்தான்னா ஓனர்தான் தன் கையிலிருந்து குடுக்கணுமுங்க" என்றார் அவர். "அதுக்குத்தான் அந்தம்மாவை ரோட்டுல நடக்க விட்டிருக்காரு."

கம்பெனி கை விரித்துவிட்டது. ஓனரிடம் போனேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

"அவ என் ஜீப்புல ஏறவேயில்லைன்னு நீங்கதானுங்களே எழுதிக் குடுத்தீங்க?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன், அதுவும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது. மறுநாள் பால்வாடிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு எந்த வண்டியிலும் பேப்பரைப் பார்க்காமல் ஏறியதில்லை. படித்துக் காட்டாமல் யாரையும் ரேகை வைக்க விட்டதில்லை. டிரைவர்கள் "போலீஸ் டீச்சர்" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். அவள் காலுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆப்பரேஷன் நடக்கவில்லை. வளைந்தபடியே எலும்பு கூடிவிட்டது. குறுக்குப் பாதையில் ஏற அந்தக் காலால் முடியாது. காலையில் நான் பாதையில் ஏறும்போது கீழே அந்த வளைவில் கம்பு ஊன்றிக்கொண்டு அவள் போவாள். நிமிர்ந்து பார்த்து, "சாப்பிட்டீங்களா டீச்சர்?" என்று கூப்பிட்டுக் கேட்பாள். நான் எழுதிக் கொடுத்த அதே இடத்தில், ரோட்டோரமாக, நடந்து போய்க்கொண்டிருப்பாள்.