பம்பு பார்ட்டு

எங்கள் லைன் வீட்டு வரிசையில் யார் கேட்டாலும் லீலா, "எங்க வீட்டுக்காரரு பம்பு பார்ட்டு பண்றாரு, பெங்களூர்ல" என்பாள். கணவன் எழிலன் அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தான். விடியும் முன்பே மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, தொழிற்சாலையில் நாள் முழுவதும் அவன் லேத்தில் உண்மையில் கடைந்தது பீரங்கிக் குண்டின் கூடு. எல்லாம் வெளிநாட்டுக்குப் போவது.

பொய்க்குக் காரணம் விகாரை. இரண்டு குடும்பங்களும் தாத்தா காலத்திலிருந்து பௌத்தர்கள். பௌர்ணமிதோறும் ஐந்து சீலங்களைச் சொல்வார்கள். 'உயிரைக் கொல்லாதிருப்பேன்' என்ற முதல் வரியில் எழிலனின் குரல் இறங்கிவிடும். சளி என்பான்.

போன வருடம் அரசாங்கம், சண்டை நடக்கும் நாடுகளுக்கு ஆயுதம் அனுப்பக் கட்டுப்பாடு போட்டது. கம்பெனிக்குப் பர்மிஷன் கிடைக்கவில்லை. எழிலனின் லேத் நின்றது. கவர்மெண்டு பர்மிஷன் வரவில்லை என்று சொல்லி வீட்டில் உட்கார்ந்தான்.

"ஏங்க, பம்புக்கு எதுக்கு கவர்மெண்டு பர்மிஷன்?" என்றாள் லீலா.

அவன் சுவரைப் பார்த்தான். பிறகு உண்மையைச் சொன்னான்.

"எத்தினி வருசமா?"

"சேந்ததுலேர்ந்து."

"இன்னா மனுசன் நீ! ஊர் பூரா என் வாயால சொல்ல வெச்சியே."

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தட்டை நகர்த்தி வைத்து, "போனது போச்சு. வேற வேலை பாரு" என்றாள். அந்தப் பௌர்ணமியில் முதல் வரியை அவன் உரக்கச் சொன்னான். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

வேறு வேலைதான் கிடைக்கவில்லை. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடையில் மூட்டை தூக்கினான், முதுகு பிடித்துக்கொண்டது. அரிசி டப்பாவில் கை அடிவரை போகும் நிலை வந்தபோது பழைய கம்பெனி சூப்பர்வைசர் சிரில் போன் செய்தான். அவனும் நம்மூர்க்காரன்தான்.

"மச்சான், நாளைக்கு வந்துடு. லேத் ஓடுது."

"பர்மிஷன் குடுத்துட்டாங்களா?"

"இது வேற நாட்டுக்குடா. அங்க சண்டையே இல்ல."

"சண்டை இல்லாத ஊர்ல அத வெச்சிக்கினு இன்னா பண்ணுவாங்க?"

"ஊறுகா போடுவாங்க. வர்றியா, வேற ஆளைக் கூப்புடட்டுமா?"

போனான். அதே வரைபடம், அதே இரும்பு, அதே அளவு. சாயங்காலம் பேக்கிங் பக்கம் போனவன் நின்றுவிட்டான். மரப்பெட்டிகளின் மேல் கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் அடித்திருந்தார்கள்: பம்ப் பார்ட்ஸ்.

சிரில் சிரித்தான். "இன்னாடா அப்பிடிப் பாக்கற? கம்பெனி புதுசா வெச்ச பேரு."

வீட்டில் லீலா கேட்டாள்: "இன்னா வேலை?"

"பம்பு பார்ட்டு. பெட்டியிலயே போட்டிருக்கு."

 அவள் அரிசி களையப் போனாள்.

அடுத்த பௌர்ணமிக்கு எழிலன் வரவில்லை. விகாரை வாசலில் யாரோ, "வீட்டுக்காரருக்கு வேலை கிடைச்சிடுச்சாமே, எங்க?" என்று விசாரித்தார்கள்.

"பழைய எடம்தான். பம்பு பார்ட்டு" என்றாள் லீலா, இந்த முறை தெரிந்தே. பிறகு உள்ளே போய் உட்கார்ந்து, எல்லோரோடும் சேர்ந்து நான்காம் சீலத்தைச் சொன்னாள்: பொய் பேசாதிருப்பேன்.