கரையில் நின்றவர்களின் சத்தம்

ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிறவர்களின் பாடு உங்களுக்குத் தெரியும்: கண்ணால் காணாத ஆற்றைப் பற்றிக் குளித்து வந்தவர் மாதிரிக் கதைக்கவேண்டும். வேலை செய்துகொண்டே வெளிவாரிப் பட்டம் படிக்கிறவர்களுக்கு, வவுனியாவில் சனிக்கிழமைகளில் நான் வகுப்பு எடுக்கிறேன். இந்த முறை பாடம், வெள்ளைக்காரர் ஆண்ட காலத்துச் சின்ன நாவல் ஒன்று. ஒரு நீராவிக் கப்பல் பெரிய ஆற்றின் வழியே காட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும்.

மறிக்காத தண்ணீர்

"இது வெறும் ஆறு இல்லை. உள்ளுக்குப் போகப் போக மனிசன் தன்ர மனதுக்குள்ளதான் போறான்" என்று முதல்நாள் விளக்கினேன். எல்லாரும் குனிந்து எழுதினார்கள். உருத்திரபுரத்தில் வயல் செய்யும் ஞானேஸ்வரன் மட்டும் பேனையை மூடிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். விளங்கவில்லையா என்று கேட்டேன்.

"விளங்குது ரீச்சர். ஆனா இவ்வளவு தண்ணி சும்மா கடலுக்கு ஓடுது, ஒருத்தரும் மறிச்சு வயலுக்கு விடேல்லையே?"

மூடுபனி

கப்பல் மூடுபனிக்குள் அகப்படும் பக்கத்தை வாசித்த அன்று மார்கழி மழை. கரண்டும் நின்றுவிட்டது. யன்னலோரம் போய் நின்று வாசித்தேன். தகரக் கூரையில் மழை ஒரே சீராக விழ, எனக்கே காலுக்குக் கீழே நிலம் மெல்ல நகர்கிற மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் கிழமை முழுக்க வேலை செய்து களைத்தவர்கள், ஒருவர் விடாமல் கண்ணை மூடியிருக்கிறார்கள். வாசிப்பை நிறுத்தினேன். ஞானேஸ்வரன் கண் திறக்காமலே சொன்னார்:

"நிப்பாட்டாதேங்கோ ரீச்சர். நாங்கள் நித்திரையில்லை, கப்பலுக்குள்ள இருக்கிறம்."

தலைகள்

பிறகு கரையில் ஆட்கள் தோன்றும் பக்கம் வந்தது. கப்பலில் இருப்பவருக்கு அவர்கள் கையும் கண்ணும் அலறலும் மட்டும்தான். ஒருவருக்கும் பெயரில்லை. "கரை எதைக் குறிக்குது?" என்று கேட்டேன்.

முல்லைத்தீவில் தையல்கடை வைத்திருக்கும் வாசுகி, அதிகம் கதைக்காதவர், எழும்பிப் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். வாசலில் நின்று, குரல் உயராமல் சொன்னார்:

"சண்டையின்ர கடைசியில, சின்னப்பிள்ளையா அம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கழுத்தளவு தண்ணிக்குள்ளால வந்தனான் ரீச்சர். அக்கரையில நிண்டு பாத்தவைக்கு நாங்களும் வெறும் தலையள்தான்."

கனகராயன் ஆறு

அடுத்த இரண்டு சனியும் வாசுகி வரவில்லை. படிப்பையே விடப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். அவருக்குப் போன் எடுத்து, "இந்தமுறை வகுப்பில்லை, எல்லாரும் கனகராயன் ஆத்துக்குப் போறம். சும்மா வாங்கோ" என்றேன். பஸ் எடுத்து வந்தார்.

மாசி மாதம். ஆறு மெலிந்து, மணலின் ஓரமாக முழங்கால் அளவில் ஓடிக்கொண்டிருந்தது. மருத மர நிழல் தண்ணீரில் ஆடியது. காலை நனைத்தபடி இருந்தோம். புத்தகத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெயில் சாயும்போது வாசுகிதான் கேட்டார், "கரையில நிண்டவை என்ன சொன்னவை எண்டு நான் எழுதலாமோ?" "எழுதுங்கோ" என்றேன்.

அடுத்த சனி, எழுதியதை வகுப்பில் வாசித்தார். முடிவில் தாளை மடித்துக்கொண்டு சொன்னார்:

"கப்பல்காரர் அலறல் எண்டது, ஒரு தாய் பிள்ளையைக் கூப்பிட்டது ரீச்சர். 'தண்ணிக்குக் கிட்டப் போகாதை, ஓடி வா' எண்டு."

பரீட்சையில் மட்டும் எல்லாரும் ஆற்றைக் குறியீடு என்றே எழுதுங்கோ என்று சொல்லிவைத்திருக்கிறேன், திருத்துகிறவர் எந்தக் கரையில் நிற்கிறாரோ தெரியாதே.